ஒல்லி இலை ஸ்னேக் பிளான்ட்: மதுரை வெயிலில் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டு வராண்டாவில் ஏழு தொட்டிகளில் ஃபெர்ன்வுட் பங்க் என்ற ஒல்லி இலை ஸ்னேக் பிளான்ட் நிற்கிறது. எல்லாம் ஒரே தாய்ச்செடியின் கன்றுகள். அதைப்போல இன்னும் பல கன்றுகள் தெருவிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் வளர்கின்றன. வாங்கிப் போனவர்கள் போனில் கேட்டதும், வராண்டாவில் நின்று கேட்டதும் திரும்பத் திரும்ப அதே கேள்விகளாக இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது எந்தச் செடி? எல்லா வீட்டிலும் இருக்கும் ஸ்னேக் பிளான்ட்தானா?

அதே குடும்பம்தான், ஆனால் வேறு வகை. வங்கி வாசலிலும் ஹோட்டல் படிக்கட்டிலும் நிற்கும், கத்தி போல அகலமான, மஞ்சள் விளிம்புள்ள இலைச் செடி மேற்கு ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்த டிரைஃபாசியாட்டா இனம். ஃபெர்ன்வுட் என்பது பர்வா, சஃப்ருட்டிகோசா என்ற இரண்டு ஆப்பிரிக்க இனங்களின் கலப்பு. அதிலிருந்து கிடைத்த ஒரு வகைதான் ஃபெர்ன்வுட் பங்க். இலை விரல் தடிமனுக்கும் குறைவு. உட்பக்கம் வாய்க்கால் மாதிரி குழிந்திருக்கும், நுனி ஊசி போலக் கூர்ந்திருக்கும். கரும்பச்சையில் வெளிர்பச்சைப் பட்டைகள் குறுக்கே ஓடும். இலைகள் நேராக நிற்காமல் நீரூற்று போல நாலா பக்கமும் வளைந்து விரியும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு அடிக்குள் நின்றுவிடும், அதனால் சின்ன வீட்டுக்கும் ஒத்துவரும்.

நர்சரியில் இதோடு குழப்பிக்கொள்ளும்படி இன்னும் இரண்டு ஒல்லி வகைகள் இருக்கும். ஒன்று மிகாடோ. குச்சி குச்சியாக, பட்டை தெளிவில்லாமல், நேராக மேலே போகும். இன்னொன்று சிலிண்ட்ரிக்கா. அங்கோலா நாட்டுச் செடி, இலை உருண்டையாகக் கட்டைவிரல் தடிமனுக்கு வரும். சிலர் அதைச் சடை மாதிரி பின்னி விற்பார்கள். கீழே சொல்லும் பராமரிப்பு மூன்றுக்குமே பொருந்தும்.

பெயர்ச்சீட்டில் சிலசமயம் சான்செவீரியா என்றும் சிலசமயம் டிராசீனா என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு தாவரவியலாளர்கள் சான்செவீரியாவை டிராசீனா பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். கடைக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் ஓடைக்கரையில் கிடக்கும் மருளும் இதுவும் ஒன்றா?

இந்தக் கேள்வியைக் கேட்டது என் அத்தை. வராண்டாவில் கால் வைத்ததும், "இது நம்ம ஊரு மருளு மாதிரில்ல இருக்கு, இதைப் போயி காசு குடுத்தா வாங்குன?" என்றார். அவர் கண் தப்பவில்லை. மருள் இதே இனக்கூட்டத்தைச் சேர்ந்த நம் நாட்டுச் செடி. அதன் தாவரவியல் பெயரில் ராக்ஸ்பர்கியானா என்று வரும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தென்னிந்தியச் செடிகளைப் பதிவு செய்த ராக்ஸ்பர்க் நினைவாக வைத்த பெயர். வறண்ட கரடுகளிலும் முள்காட்டு நிழலிலும் கூட்டம் கூட்டமாக நிற்கும். இலையிலிருந்து உரிக்கும் நார் அவ்வளவு உறுதியானது. அந்த நாளில் வில்லுக்கு நாண் திரித்ததும் அதில்தான்.

சங்கப் பாடல்களில் பாலை நிலத்தைச் சொல்லும்போது மரல் என்ற செடி வருகிறது. அது இந்த மருள்தான் என்பது அகராதிகளும் உரைகாரர்களும் தரும் பொருள். எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடிக்கு, நம் மண்ணில் 2000 வருடப் பெயர் உள்ள ஒரு பங்காளி இருக்கிறது. வீட்டுக்கு அருகே மருள் நிற்பதைப் பார்த்தவர்கள் அதை ஒரு முறை நன்றாகக் கவனியுங்கள். எந்த மண்ணில் நிற்கிறது, எவ்வளவு நிழலில் நிற்கிறது, எத்தனை மாதம் மழையில்லாமல் தாங்குகிறது என்று பார்த்தால், தொட்டியில் இருக்கும் அதன் உறவுக்கு என்ன தேவை என்பதில் பாதி புரிந்துவிடும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். செடியை இழந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இதில்தான் இழந்தார்கள். நானும் ஒரு தொட்டியை இதில்தான் இழந்தேன். ஒரு கார்த்திகையில் தொடர்ந்து பெய்த மழையின்போது ஒரு தொட்டி சன்ஷேடு சொட்டும் இடத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. மேலே பார்த்தால் பச்சையாகத்தான் இருந்தது. மழை விட்டதும் இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் கூழாகி, அழுகிய வெங்காய வாடை. அழுகாத இரண்டு கிளைகளை அறுத்து எடுத்து, நிழலில் மூன்று நாள் காயவைத்து, காய்ந்த மணலில் நட்டேன். அவை பிழைத்தன.

இது பாலை நிலத்துச் செடி. இலையிலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்கிலும் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறது. மருத நிலத்து நெல்லுக்குப் பாய்ச்சுவது போலப் பாய்ச்சினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. காற்றில்லாத ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், கிழங்கு அழுகும்.

நாள் கணக்கை விட மண்ணைப் பார்ப்பதே சரி. ஒரு ஈர்க்குச்சியை எடுத்துத் தொட்டியின் அடிவரை குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். குச்சியில் மண் ஒட்டியிருந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். சுத்தமாக, காய்ந்து வந்தால் ஊற்றலாம். ஊற்றும்போது தயங்காமல், அடித்துளை வழியாக வெளியே வரும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினம் ஒரு டம்ளர் என்று ஊற்றுவது மேல்மண்ணை மட்டும் நனைக்கும், அது எதற்கும் உதவாது.

நாள் கணக்கு இல்லாமல் மனசு கேட்கவில்லை என்பவர்களுக்காக எங்கள் வீட்டு நடைமுறையைச் சொல்கிறேன். பங்குனியிலிருந்து ஆனி வரை, வராண்டாவில் இருக்கும் மண்தொட்டிக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை, பிளாஸ்டிக் தொட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை மாதம் ஒருமுறை, சில தொட்டிக்கு அதுவும் இல்லை. ஹாலுக்குள் வெளிச்சம் குறைவாக இருக்கும் தொட்டிக்கு எந்தக் காலத்திலும் இதைவிடக் குறைவு. சந்தேகம் வந்தால் இன்னும் நான்கு நாள் பொறுங்கள். காய்ந்த செடி ஒரே வாரத்தில் தேறிவிடும், அழுகியது தேறாது.

இலைக்கூட்டத்தின் நடுவில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். குழிந்த இலை அதை அப்படியே அடிக்குக் கொண்டுபோய்த் தேக்கிவிடும். தொட்டியின் ஓரத்தில் ஊற்றுங்கள்.

போர் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றலாம். நம் ஊரில் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கிறது, இந்தச் செடி அதைப் பெரும்பாலும் தாங்குகிறது. ஆனால் மேல்மண்ணிலும் மண்தொட்டியின் வெளிப்பக்கத்திலும் வெள்ளை பூத்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். இலை நுனி பழுப்பாகக் காய்வதற்கும் அது ஒரு காரணம். மழை பெய்யும் நாளில் ஒரு வாளியைப் பிடித்து வைத்து, தொட்டி காய்ந்த பிறகு அந்த மழைத்தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வடியவிட்டால் உப்புக் கரைந்து வெளியேறும். வருடம் இரண்டு முறை செய்தால் போதும்.

வீட்டில் எங்கே வைப்பது? இருட்டு மூலையிலும் வளரும் என்கிறார்களே?

இருட்டில் சாகாமல் இருக்கும், வளராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் செடி வருடக்கணக்கில் அதே அளவில் நிற்கிறது, அல்லது இலைகள் மெலிந்து தொங்கி, பட்டைகள் மங்கிப்போகின்றன. கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் மிக நல்ல இடம். காலை வெயில் இரண்டு மணி நேரம் பட்டால் இலை தடித்து, பட்டைகள் பளிச்சென்று தெரியும்.

மொட்டை மாடியில் முழு வெயிலில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தை, மாசியில் பழக்கிவிட்டால் ஓரளவு தாங்கும். ஆனால் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி அடிக்கும்போது, கொதிக்கும் சிமென்ட் தரையில் வைத்த தொட்டிக்குள் வேர் வெந்துபோகும். இலையில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ தீய்ந்த திட்டு விழும், அந்தத் திட்டு பிறகு மறையாது. கத்திரி வெயில் நாட்களில் நிழலுக்கு மாற்றுங்கள். வீட்டுக்குள் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலில் கொண்டுபோய் வைப்பதும் கூடாது. பத்து நாளாவது கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

ஏசி அறை பரவாயில்லை, காற்று நேராக இலையில் அடிக்காமல் இருந்தால் சரி. கொடைக்கானலில் இருக்கும் உறவினர்களுக்குக் கன்று கொடுப்பவர்கள் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: மார்கழி, தையில் அங்கே இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், அந்தக் குளிரை இது தாங்காது. அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், தண்ணீரும் வேண்டாம்.

எந்த மண்? எந்தத் தொட்டி?

வடியும் மண். மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம். நான் கலப்பது: செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, சுண்டைக்காய் அளவுக்கு உடைத்த செங்கல் சில்லு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் எம் சாண்டைத் தண்ணீரில் அலசி, அதிலுள்ள மாவுத்தூள் போன பிறகு சேருங்கள். அலசாமல் போட்டால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் கரிசலைத் தொட்டியில் போடாதீர்கள். பருத்திக்கு அது தங்கம். ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும், அதனால் இதற்கு ஆகாது.

நர்சரியிலிருந்து வரும் செடி பெரும்பாலும் வெறும் தேங்காய் நார்க்கழிவில் இருக்கும். அவர்களுக்கு எடை குறைவு, ஏற்றி இறக்க வசதி. நம் வீட்டில் அது நடுவில் ஈரமாகவே கிடக்கும். வாங்கி இரண்டு வாரம் ஆனதும் மண் மாற்றிவிடுங்கள்.

மண்தொட்டிதான் என் விருப்பம். சுவரே ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மானாமதுரைப் பக்கம் போனால் தொட்டிகளைத் தட்டிப் பார்த்து வாங்கலாம், நன்றாக வெந்தது கணீர் என்று ஒலிக்கும். அடியில் துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தொட்டி செடியைவிட இரண்டு விரல் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும்.

உரம்?

ஆடியில் ஒரு கைப்பிடி, மாசியில் ஒரு கைப்பிடி மண்புழு உரம். அவ்வளவுதான். அரிசி கழுவிய தண்ணீர், காப்பித்தூள், முட்டை ஓடு எல்லாம் மற்ற செடிகளுக்குப் போகட்டும். இதில் போட்டால் ஈரமும் கொசு மாதிரிச் சின்னப் பூச்சிகளும்தான் சேரும்.

இலை சுருங்குகிறது, நுனி காய்கிறது, சாய்கிறது. என்ன ஆயிற்று?

முதலில் இலையின் அடிப்பகுதியை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்து இலையில் நீளவாக்கில் சுருக்கம் விழுந்திருந்தால் தாகம், நன்றாக ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் சில நாளில் நிமிரும். அடி மெத்தென்று, மஞ்சளாக இருந்தால் அழுகல். உடனே மண்ணிலிருந்து எடுத்து, அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தியால் நல்ல சதை தெரியும்வரை வெட்டிவிட்டு, காயவைத்து நடுங்கள்.

இதில் ஏமாறக்கூடிய ஓர் இடம் உண்டு. வேர் அழுகிய செடியும் தண்ணீர் குடிக்க முடியாமல் சுருங்கும். சுருக்கத்தைப் பார்த்துத் தாகம் என்று இன்னும் ஊற்றுவார்கள். அதனால்தான் அடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

நுனி மட்டும் காய்வது பெரிய நோய் இல்லை. உப்பாக இருக்கலாம், மிக நீண்ட வறட்சியாக இருக்கலாம், போகும்போது வரும்போது துணி உரசியதாகவும் இருக்கலாம். இந்த இலை நுனியிலிருந்து மறுபடி வளராது, ஆகவே அழகுக்காகக் கத்தரிக்க வேண்டாம். பக்கவாட்டில் சாய்ந்து போவது வெளிச்சம் தேடுவது. வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள்.

பூச்சி வருமா?

அபூர்வம். இலைகள் சேரும் இடுக்கில் பஞ்சு போல வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள். கோடையில் இலை மங்கி, மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். அதற்கும் துடைப்பதே பாதி மருந்து.

கன்று எப்படிப் பிரிப்பது? இலையை வெட்டி நட்டாலும் வருமா?

கன்று பிரிப்பதே சுலபம். தாய்ச்செடியின் கிழங்கு மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடி, தொட்டி விளிம்பில் ஊசி மாதிரி முளையைத் தள்ளும். அது அரை அடி வந்து, சொந்த வேர் விடும்வரை பொறுங்கள். ஆடி, ஆவணியில் தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்து, கிழங்கை வெட்டி, வெட்டிய இடத்தில் அடுப்புக்கரித் தூளோ மஞ்சள்தூளோ தொட்டு, இரண்டு நாள் நிழலில் காயவையுங்கள். அப்புறம் நடுங்கள். முதல் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். இதில் யாருக்கும் தோல்வி வந்து நான் பார்க்கவில்லை.

இலையிலிருந்தும் வரும், பொறுமைதான் வேண்டும். நாலு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நட வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது, அதனால் வெட்டும்போதே அடியில் ஒரு சின்னச் சாய்வு வெட்டு வைத்துக்கொள்வேன். வேர்விட மாதக்கணக்காகும், கன்று முளைக்க இன்னும் சில மாதம். மஞ்சள் விளிம்புள்ள அகல இலைச் செடி வைத்திருப்பவர்கள் இந்த முறையில் செய்தால் கன்றில் அந்த மஞ்சள் வராது, வெறும் பச்சையாகிவிடும். அதைக் கிழங்கு பிரித்துத்தான் பெருக்க வேண்டும்.

பூக்குமா?

பூக்கும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது. நல்ல வெளிச்சத்தில், பல வருடம் ஆகி வேர் நெருக்கமாகிவிட்ட தொட்டியில் ஒரு தண்டு எழும்பும். வெளிறிய மெல்லிய பூக்கள் சாயங்காலத்துக்கு மேல் விரிந்து மணக்கும், காம்பில் தேன் துளி நிற்கும். எங்கள் வீட்டில் ஒருமுறைதான் பூத்தது. ராத்திரி பத்து மணிக்கு மல்லிகைச் சரத்தின் வாசனையையும் தாண்டி ஒரு புது மணம் ஹாலுக்குள் வந்தது, எல்லாரும் எழுந்து தேடினோம். பூத்த அந்தக் குருத்திலிருந்து மேற்கொண்டு இலை வராது. பயப்பட வேண்டாம், பக்கத்தில் கன்றுகள் வரும்.

காற்றைச் சுத்தம் செய்யுமா? ராத்திரியில் ஆக்ஸிஜன் தருமாமே?

விற்பவர்கள் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள், அதனால் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989-இல் அமெரிக்காவின் நாசா ஓர் ஆய்வு வெளியிட்டது. சில வீட்டுச் செடிகள் பென்சீன் போன்ற வாயுக்களைக் குறைக்கின்றன என்று அதில் கண்டார்கள், ஸ்னேக் பிளான்ட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் அந்தச் சோதனை நடந்தது காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிகளில். நம் வீடு அப்படி இல்லை. ஜன்னலும் கதவும் திறந்திருக்கும், காற்று மாறிக்கொண்டே இருக்கும். இத்தகைய ஆய்வுகளை மொத்தமாக எடுத்துக் கணக்கிட்ட ஓர் அறிக்கை 2019-இல் வந்தது. கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்று மாற்றத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்றது அது. நாலு தொட்டியால் ஆகிற காரியமில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ராத்திரி ஆக்ஸிஜன் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமானது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். வறண்ட இடத்துச் செடி அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெயிலில் பறந்துவிடும். ஆகவே இது பகலில் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து, கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைக்கும். விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, வெளிச்சத்தைக் கொண்டு அந்தச் சேமிப்பைச் சர்க்கரையாக்கும். கற்றாழையும் கள்ளியும் செய்வது இதேதான். ராத்திரியில் இது கரியமில வாயுவை வாங்குவது உண்மை. ஆக்ஸிஜன் உண்டாவது வெளிச்சத்தில்தான். படுக்கையறையில் தாராளமாக வைக்கலாம், மூச்சுக்கு மருந்தாக நினைத்து வைக்க வேண்டாம். பத்து நாள் தண்ணீரில்லாமல் நிற்கும் வலிமையும் இந்த ராத்திரி வேலையிலிருந்துதான் வருகிறது. எனக்கு இந்தச் செடி மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

பாம்பு வருமா? இல்லை, பாம்பை விரட்டுமா?

இரண்டும் இல்லை. இலையின் பட்டைகளைப் பார்த்து வைத்த பெயர்.

குழந்தைகள், நாய், பூனை உள்ள வீட்டில் வைக்கலாமா?

இலையில் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. நாயோ பூனையோ கடித்துத் தின்றால் எச்சில் வடியும், வாந்தி, பேதி வரலாம். பூனைக்கு இந்த ஒல்லி இலை புல் மாதிரித் தோன்றும், ஆகவே பூனை இருந்தால் உயரமான இடத்தில் வையுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இன்னொரு கவனம் வேண்டும். இலை நுனி கண் உயரத்துக்கு வராதபடி தொட்டியைத் தள்ளி வையுங்கள். குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ தின்றுவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள்.

லீவுக்கு மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். யாரிடம் சொல்லிவிட்டுப் போவது?

யாரிடமும் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை நன்றாக ஊற்றி வடியவிட்டு, வெளிச்சமான நிழலில் வைத்துவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்தால் அவர் பாசத்தில் தினமும் ஊற்றிவிடுவார்.

கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு இந்தக் கன்றைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறோம். என் தம்பி மகள் கல்யாணத்துக்கு ஐம்பது கன்றுகள் தயார் செய்தோம். மூன்று மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். அன்றைக்குப் பிரித்து அன்றைக்கே கொடுத்தால் வேர் பிடித்திராது, போகிற வழியில் சாய்ந்துவிடும். பை கிழியாமல் இருக்க மண்ணைக் காயவிட்டு, இலைகளை ஒரு காகிதத்தில் தளர்வாகச் சுற்றிவிடுங்கள். தொட்டியில் ஒரு சின்னச் சீட்டும் ஒட்டினோம்: "வெளிச்சத்தில் வையுங்கள். முதல் பதினைந்து நாள் தண்ணீர் ஊற்ற வேண்டாம்."